வடிகலத்துக்கு ஒரு மனு

பெண்ணாடத்தில் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் பத்து லிட்டர் கொள்ளும் செம்பு வடிகலம் ஒன்றை வைத்து, சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் சாராயம் வடித்துக்கொள்ள அனுமதி கேட்டு மனு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மனு எங்கே போகும்? பேரூராட்சிக்கு அதில் வேலை இல்லை. திட்டக்குடி வட்டாட்சியருக்கும் அதிகாரம் இல்லை. கடலூரில் கலால் உதவி ஆணையரின் மேசைக்குப் போகலாம். அங்கிருந்து சென்னையில் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை ஆணையர் வரை கூடப் பயணப்படலாம். ஆனால் எந்த மேசையிலும் அதற்குப் பொருந்தும் படிவம் கிடையாது.

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இல் பிறந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. இன்று தெருவுக்குத் தெரு டாஸ்மாக் இருந்தாலும், அந்தக் கடைகள் இயங்குவது இந்த மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட விதிகளால்தான். சட்டம் முதலில் எல்லாக் கதவுகளையும் சாத்திவிடுகிறது. பிறகு அரசு தனக்கு வேண்டிய ஜன்னல்களை மட்டும் திறந்துகொள்கிறது. மது ஆலைக்கு ஒரு ஜன்னல், மருத்துவமனைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் ரெக்டிஃபைடு ஸ்பிரிட் வாங்க ஒரு ஜன்னல், தேவாலயத்துத் திராட்சை ரசத்துக்கு ஒரு ஜன்னல். வீட்டுக்காரருக்கு ஜன்னல் இல்லை. மது வியாபாரம் எந்தக் குடிமகனுக்கும் அடிப்படை உரிமை ஆகாது என்று 1994-இல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இந்தச் சட்டத்தில் என்னை யோசிக்க வைப்பது நான்காவது பிரிவு. மது தயாரிப்பதோடு அது நிற்கவில்லை. தயாரிப்பதற்கென்று பொருளோ பாத்திரமோ கருவியோ வைத்திருந்தாலே குற்றம் என்கிறது. ஒரு சொட்டு வடியாவிட்டாலும் வழக்கு உண்டு. கல்வராயன் மலையில் போலீசார் ஊறல் அழித்தார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே பேரல்களும் பானைகளும் உடைபட்டதாக வருவது இதனால்தான். ஒரு வெறும் பாத்திரத்தைப் பார்த்து அரசாங்கம் ஏன் இவ்வளவு பயப்படுகிறது? பதில் சட்டப் புத்தகத்தைவிட இயற்பியலில் சுவையாகக் கிடைக்கிறது.

இட்லிப் பானையின் மூடியைத் திறந்து சாய்த்தால் உட்புறத்திலிருந்து நீர் சொட்டும். பானையில் ஊற்றியது போர்வெல் உப்புத் தண்ணீராக இருந்தாலும் மூடியில் சொட்டுவது உப்பில்லாத தண்ணீர். வடித்தல் என்பது அவ்வளவுதான்: சூடாக்கு, ஆவியைப் பிடி, குளிர வை. ஆனால் பானையில் இரண்டு திரவங்கள் கலந்திருந்தால் சங்கதி மாறுகிறது. எத்தனால் 78.4 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில். 78 டிகிரிக்கு வந்ததும் எத்தனால் மட்டும் புறப்பட்டுப் போய்விடும், தண்ணீர் பானையிலேயே கிடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. இரண்டும் சேர்ந்தேதான் ஆவியாகின்றன, விகிதம்தான் வேறு. பத்து சதவீத எத்தனால் உள்ள ஊறலுக்கு மேலே எழும் ஆவியில் ஏறத்தாழப் பாதி எத்தனால் இருக்கும். அந்த ஆவியைக் குளிரவைத்து மறுபடி காய்ச்சினால் இன்னும் கூடும். மறுபடியும் காய்ச்சினால் இன்னும் கொஞ்சம்.

இப்படியே போய் நூறு சதவீதத்தைத் தொட்டுவிடலாமா? முடியாது. எடையில் 95.6 சதவீதம் வந்ததும் ஏணி முடிந்துவிடுகிறது. அந்த இடத்தில் ஆவியிலும் திரவத்திலும் ஒரே விகிதம். கலவை 78.2 டிகிரியில், தனி எத்தனாலைவிடச் சற்றே குறைந்த வெப்பத்தில், ஒரே பொருளைப் போலக் கொதிக்கிறது. எத்தனை ஆள் உயரக் கோபுரம் கட்டினாலும் சாதாரண வடித்தலால் அந்தக் கடைசி நாலரை சதவீதத் தண்ணீரைப் பிரிக்க இயலாது. மூலக்கூறுகளுக்கு இடையிலான இழுபறி இப்படி ஒரு கோடு போட்டு வைத்திருப்பது, எத்தனை முறை படித்தாலும் எனக்குப் பிரமிப்பு குறையாத விஷயம்.

அந்தக் கோட்டைத் தாண்ட உதவுவது களிமண்ணின் உறவுக்காரன். பெண்ணாடத்துக்கு அடுத்த பெரிய ஊரான விருத்தாசலம், பீங்கானுக்குப் பேர்போன ஊர். பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் அங்கே சூளையில் வெந்து வெளியே வரும். பீங்கானின் அடிப்படை, அலுமினியமும் சிலிக்கனும் ஆக்சிஜனும் பின்னிக்கிடக்கும் மண். அதே மூன்று தனிமங்கள் வேறு விதமாகப் பின்னிக்கொண்டால் ஜியோலைட். எரிபொருள் எத்தனால் ஆலைகளில் பயன்படும் ஜியோலைட் மணிகளின் உள்ளே மூன்று ஆங்ஸ்ட்ராம் அகலத்தில் கோடிக்கணக்கான துளைகள் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். தண்ணீர் மூலக்கூறு 2.8 ஆங்ஸ்ட்ராம், துளைக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும். எத்தனால் அதைவிடப் பருமன்; நுழைய முடியாமல் வெளியே ஓடிவிடும். கொதிக்கவைத்துப் பிரிக்க முடியாததைச் சலித்துப் பிரித்துவிடுகிறார்கள். நம் பைக்கில் ஊற்றும் பெட்ரோலில் இன்று கலந்திருக்கும் எத்தனால் இப்படி உலர்த்தப்பட்டதுதான்.

மண்ணுக்கும் வடித்தலுக்கும் உறவு இன்னும் பழையது. இன்றைய பாகிஸ்தானில் சார்சத்தாவுக்கு அருகே ஷேக்கான் தேரி என்ற இடத்தில், ஏறத்தாழ 2,000 ஆண்டு பழமையான வடிந்ததை ஏந்தும் சுடுமண் ஏற்பான்கள் அகழ்வாய்வில் நிறையக் கிடைத்தன. உருண்டையான பாத்திரம், பக்கவாட்டில் மூக்கு. தட்சசீலத்தில் ஜான் மார்ஷல் கண்டெடுத்த பானைகளோடு இவற்றைச் சேர்த்துவைத்துப் பார்த்த தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்சின், வடித்தலின் தாயகமே இந்தியத் துணைக்கண்டமாக இருக்கலாமோ என்று 1979-இல் ஒரு கட்டுரை எழுதினார். எல்லா அறிஞர்களும் அதை ஏற்கவில்லை. ஆனாலும் மண்பானைக்கு மேல் மண்பானை கவிழ்த்து, மூக்கு வைத்து, சந்துகளைக் களிமண்ணால் பூசும் வேலை நம் பக்கத்துக்குப் புதிதில்லை. சித்த மருத்துவர்கள் வாலை என்று சொல்லும் கருவி அதுதான். ஓமத் தீநீர் வடிப்பதும் அதில்தான்.

இங்கேதான் சட்டத்துக்குச் சங்கடம் தொடங்குகிறது. சாராயப் பானைக்கும் தீநீர் வாலைக்கும் உருவத்தில் பெரிய வேறுபாடு இல்லை. கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லி, திருச்சோபுரம் பக்கம் கடலோர மணலில் வெட்டிவேர் விளைகிறது. அந்த வேரை நீராவியில் அவித்து எண்ணெய் எடுக்கும் கலனிலும் அடுப்பு, ஆவிக்குழாய், குளிர்நீர்த் தொட்டி எல்லாம் உண்டு. அதற்குள் நடப்பதும் ஓர் அதிசயமே. வெட்டிவேர் எண்ணெயின் முக்கியக் கூறுகளின் கொதிநிலை 250 டிகிரியையும் தாண்டும். ஆனால் நீராவியோடு சேர்ந்தால் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே புறப்பட்டு வந்துவிடுகின்றன. ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களின் ஆவி அழுத்தங்கள் தனித்தனியே கூடி, காற்றின் அழுத்தத்தை எட்டியதும் இரண்டும் கொதிக்கத் தொடங்கிவிடும். எண்ணெய்க்கு அதன் சொந்தக் கொதிநிலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வெட்டிவேர் பொறுமை கேட்கும். வேர் தன் எண்ணெயை விட ஒரு பகலும் இரவும் ஆகலாம். அதன் பிறகும் கிடைப்பது வேரின் எடையில் ஒரு சதவீதத்தை ஒட்டியே.

இந்தக் கலனை மதுவிலக்குச் சட்டம் தொடுவதில்லை. மது தயாரிக்கவென்று வைத்திருக்கும் கருவியையே அது குறிவைக்கிறது. ஆனால் வேறு உரிமங்கள் உண்டு. நீராவியைத் தனியே அழுத்தத்தில் உண்டாக்கி எடுத்துச் செல்லும் கொதிகலன் 25 லிட்டர் கொள்ளளவை எட்டிவிட்டால் கொதிகலன் சட்டத்தின் கீழ் ஆய்வும் சான்றிதழும் வேண்டும். வடித்த தீநீரை மருந்தென்று விற்க வேண்டுமானால் 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டப்படி சித்த மருந்து உற்பத்தி உரிமம் வேண்டும். ஆகவே பெண்ணாடத்து மனுதாரர் ரோஜாவோ ஓமமோ வெட்டிவேரோ வடிக்க ஆசைப்பட்டால் வழி இருக்கிறது.

சாராயம் என்றால்தான் அரசாங்கம் பாத்திரத்தின் மேல் கண்வைக்கிறது. இதற்குக் கலால் வரிக்கும் வடித்தலுக்கும் இடையிலான நீண்ட வரலாறும் ஒரு காரணம். இனியாஸ் காஃபி என்ற ஐரிஷ்காரர் கலால் அதிகாரி. 1810-இல் டோனகல் பகுதியில் திருட்டுச் சாராயக்காரர்கள் அவரைத் தாக்கி, பயனெட்டால் குத்திப் போட்டுவிட்டுப் போனார்கள். பிழைத்தார், அயர்லாந்து முழுமைக்கும் கலால் தலைமை ஆய்வாளரானார், 1824-இல் வேலையை விட்டார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் வடிகலங்களை அளந்து பூட்டி முத்திரை வைத்த அந்த மனிதர், 1830-இல் தாமே ஒரு வடிகலத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு தடவை ஊற்றி, வடித்து, கழுவி, மறுபடி ஊற்றும் பானைக்குப் பதிலாக, மேலிருந்து ஊறல் இடைவிடாமல் இறங்க, கீழிருந்து நீராவி இடைவிடாமல் ஏறும் கோபுரம் அது. நான் மேலே சொன்ன மறுபடி மறுபடி காய்ச்சும் வேலையெல்லாம் அந்தக் கோபுரத்தின் தட்டுக்குத் தட்டு தானாக நடந்துவிடும். இன்றைய மது ஆலைகளின் நெடிய கோபுரங்கள் அதன் வாரிசுகள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் வேதியியலாளர் ராஷிக், தட்டுகளுக்குப் பதிலாகச் சிறுசிறு பீங்கான் வளையங்களைக் கோபுரத்துக்குள் கொட்டி நிரப்பலாம் என்று காட்டினார். அமிலத்துக்கும் அசையாத பீங்கான் வளையங்களின் மேற்பரப்பில் ஆவியும் திரவமும் உரசி உரசிப் பிரியும். விருத்தாசலத்துச் சூளைக்காரர்களுக்கு அந்த வளையத்தைப் பார்த்ததும் புரியும்.

கலால்காரரின் அளவுகோல் இன்றும் பாட்டிலில் ஒட்டியிருக்கிறது. டாஸ்மாக் பிராந்தியின் லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். கூடவே 75 டிகிரி ப்ரூஃப் என்றும் இருக்கும். பிரிட்டிஷ் காலக் கணக்கில் 57.1 சதவீதம் எத்தனால் இருந்தால் அது 100 ப்ரூஃப். அதில் முக்கால் பங்கு 42.8. பிரிட்டன் அந்தக் கணக்கை 1980-இல் கைவிட்டுவிட்டது. நம் கலால் துறை இன்னும் ப்ரூஃப் லிட்டரை வைத்துத்தான் தீர்வை போடுகிறது.

பெண்ணாடத்தை ஒட்டிய இறையூரில் சர்க்கரை ஆலை எழுந்த பிறகு, சுற்றுவட்டார வயல்களின் வாழ்க்கை கரும்போடு பின்னிக்கொண்டது. ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் சர்க்கரை போக 40 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கழிவுப்பாகு, அதாவது மொலாசஸ், மிஞ்சும். படிகமாக மறுக்கும் சர்க்கரை அதில் ஏறத்தாழப் பாதி. ஈஸ்ட்டுக்கு அது விருந்து. ஒரு டன் பாகு 220 லிட்டருக்குக் குறையாமல் எத்தனால் கொடுக்கும். கணக்குப் போட்டால் ஒரு டன் கரும்பின் கழிவுக்குள் சுமார் பத்து லிட்டர் எத்தனால் ஒளிந்திருக்கிறது. இதே கடலூர் மாவட்டத்தில் நெல்லிக்குப்பம் ஆலை 1842-இலிருந்து கரும்பு பிழிகிறது. அதை நடத்தும் ஈ.ஐ.டி. பாரி நிறுவனத்தின் பெயரில் உள்ள முதல் மூன்று எழுத்துகள் ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் என்பதன் சுருக்கம். சர்க்கரையும் சாராயமும் இந்த மாவட்டத்தில் ஒட்டிப் பிறந்தவை.

அதனால்தான் பாகு கூட நினைத்த இடத்துக்கு நினைத்தபடி போகக் கூடாது. 1958-இலேயே தமிழ்நாடு மொலாசஸ் கட்டுப்பாட்டு விதிகள் வந்துவிட்டன. ஆலையின் தொட்டியிலிருந்து டேங்கர் லாரி புறப்பட அனுமதிச்சீட்டு, போய்ச் சேருமிடத்தில் கணக்கு. வடிப்பாலைக்கென்று 1981-ஆம் ஆண்டு விதிகள் தனியே உண்டு. கட்டடத்தின் வரைபடம், ஒவ்வொரு கலனின் அளவு, ஆவி போகும் குழாய், ஸ்பிரிட் சேரும் தொட்டி எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். துறையின் அலுவலர் ஆலைக்குள்ளேயே இருந்து கண்காணிப்பார். 2024 அக்டோபரில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, தொழிற்சாலை ஆல்கஹாலின் மீதும் மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆக, குடிக்கும் சாராயம் மட்டுமல்ல, பெயின்ட்டுக்கும் மருந்துக்கும் போகும் ஸ்பிரிட்டும் மாநிலத்தின் பொறுப்பு.

எல்லா ஊரிலும் இதே பிடிவாதம் இல்லை. கோவாவில் முந்திரிப் பழச் சாறை வடிக்கும் சிறு பட்டிகளுக்கு அரசு உரிமம் தருகிறது. அந்த ஃபெனிக்கு 2009-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மத்தியப் பிரதேசத்தில் பழங்குடியினர் இலுப்பைப் பூச்சாராயத்தை வீட்டுத் தேவைக்கு வடித்துக்கொள்ளலாம். நியூசிலாந்து 1996-இல் சட்டத்தை மாற்றி, விற்காதவரை வீட்டில் வடிப்பதற்கு உரிமமே தேவையில்லை என்றது. அமெரிக்காவில் வீட்டில் பீர் ஊறவைக்க 1978-லிருந்து அனுமதி உண்டு, வடிக்கத்தான் தடை. வடிக்க விட்ட ஊர்களில் எல்லாம் வீட்டுக்கு வீடு கண்பார்வை போய்விடவில்லை. வீட்டில் வடித்தாலே விஷம் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

விஷம் என்பது மெத்தனால். எத்தனாலைவிட ஒரே ஒரு கார்பன் குறைவு. நிறம், மணம், போதை எல்லாம் கிட்டத்தட்ட ஒன்று. நாக்கால் கண்டுபிடிக்க வழியில்லை. பழத்தோலில் உள்ள பெக்டின் சிதையும்போது ஊறலில் கொஞ்சம் மெத்தனால் உண்டாகும். வெல்லத்திலும் பாகிலும் பெக்டின் மிகக் குறைவு. ஆகவே கரும்பு ஊறலில் மெத்தனாலும் மிகச் சொற்பம். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், ஆகவே முதலில் சொட்டுவதைக் கொட்டிவிட்டால் போதும் என்று காய்ச்சுகிறவர்கள் சொல்வார்கள். அதுவும் சரியல்ல. தண்ணீர் மிகுந்த கலவையில் மெத்தனால் தண்ணீரை இறுகப் பற்றிக்கொள்கிறது. தொடக்கம் முதல் கடைசி வரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். முதல் சொட்டைக் கொட்டுவதால் கெட்ட வாடை போகலாம், மெத்தனால் போய்விடாது.

அப்படியானால் 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது எது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது எது? இரண்டிலும் மெத்தனால். எந்த மலைக்காட்டுப் பானையிலும் அவ்வளவு மெத்தனால் ஊறாது. இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் பெரும் ஆலைகளில் டன் கணக்கில் தயாராகி, வார்னிஷுக்கும் பிசினுக்கும் கரைப்பானுக்கும் போக வேண்டிய சரக்கு அது. எத்தனாலைவிட மலிவு. அதை வழியில் எங்கோ திருடி, தண்ணீர் கலந்து, பாக்கெட்டில் அடைத்து விற்றார்கள். வடிகலமே தேவைப்படாத கொலை.

உடலுக்குள் நடப்பது இன்னும் கொடுமை. மெத்தனால் நேரடியாகக் கொல்வதில்லை. எத்தனாலைச் சிதைக்கவென்று நம் கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது ஆள் தெரியாமல் மெத்தனாலையும் பிடித்து ஃபார்மால்டிஹைடு ஆக்கும். அடுத்த படியில் அது ஃபார்மிக் அமிலமாகும். அந்த அமிலம் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியைத் தடுக்கிறது. ஆக்சிஜன் பசி மிகுந்த பார்வை நரம்பு முதலில் அடிபடும். பத்து மில்லி மெத்தனாலே பார்வையைப் பறிக்கக்கூடும். 30 மில்லியில் உயிரே போகலாம். இந்த வேதிவினைக்கு நேரம் பிடிப்பதால், குடித்தவர் நன்றாகத் தூங்கி எழுந்து 12 மணி நேரமோ அதற்கு மேலோ கழித்துத்தான் கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது என்பார்.

இதே நொதிக்கு எத்தனால் என்றால் மெத்தனாலைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பிரியம். இரண்டும் இருந்தால் எத்தனாலைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் மருத்துவமனையில் அளவு பார்த்து எத்தனாலையே மருந்தாகக் கொடுத்து நொதியைத் திசைதிருப்புகிறார்கள். மெத்தனால் சிதையாமல் சிறுநீரிலோ டயாலிசிஸிலோ வெளியேறிவிடும். ஃபோமெபிசோல் என்ற ஊசிமருந்து அதே நொதியை நேரடியாக முடக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது 2013-இலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அது கையிருப்பில் இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு உரக்கச் சொன்னாலும் தகும். இன்னொன்று: குடித்தது கள்ளச்சாராயம் என்று சொன்னால் போலீஸ் வருமோ என்ற பயத்தில் ஒருவர் வீட்டிலேயே படுத்திருக்கும் ஒவ்வொரு மணியும் ஃபார்மிக் அமிலம் சேரும் மணி. அந்தப் பயத்தைப் போக்குவது மருத்துவர்களின் வேலை மட்டுமல்ல, வருவாய்த்துறைக்கும் காவல்துறைக்கும் அதில் பங்கு உண்டு.

கருணாபுரத்துக்குப் பிறகு அரசு 2024-இலேயே சட்டத்தைத் திருத்தி, உயிர்ச்சேதம் நேர்ந்தால் ஆயுள் சிறை வரை தண்டனை என்றது. தண்டனை கூடியதில் எனக்கு மறுப்பில்லை. என் கவலை காகிதத்தைப் பற்றியது. மெத்தனாலை வைத்திருக்கவும் விற்கவும் கொண்டுபோகவும் 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி ஏற்கெனவே உரிமம் வேண்டும், பதிவேடு வேண்டும். வாங்கியது எவ்வளவு, வார்னிஷில் போனது எவ்வளவு, டிரம்மில் மீதி எவ்வளவு என்று யாராவது தவறாமல் கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தால், காணாமல்போன டிரம் கருணாபுரத்துக்கு வருவதற்கு முன்பே தெரிந்திருக்கும். பெண்ணாடத்துக்காரரின் பத்து லிட்டர் செம்புக் கலத்துக்கு அனுமதி மறுப்பது அரசின் கொள்கை. அதைப் பற்றி வாதிட இடமிருக்கிறது. 200 லிட்டர் மெத்தனால் டிரம் ஒன்றின் கணக்கு நேராகாத வரை, எந்தக் கிடங்கின் உரிமமும் அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப்படக் கூடாது என்பதில் வாதிட ஒன்றும் இல்லை.